மட்டிப்பாளையத்துக்கு வந்த மட்ட வரி

மட்டிப்பாளையம் என்று ஓர் ஊர் இருந்தது. எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் ஒரு தரம் அந்த ஊர்க்காரரிடம் கேட்டேன். "இங்கதான் இருக்குது, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். நாற்பது வீடு, ஒரு கிணறு, ஒரு வேப்பமரம். மூளையும் ஆளுக்கொன்று இருந்தது. யாரும் அதைத் தொட்டு அழுக்காக்காததால் எல்லாமே புத்தம்புதுசாக இருந்தது.

அந்த ஊரில் நாச்சப்பன் என்று ஒருவர். நல்ல மனுஷன், ஆனால் அநியாயத்துக்கு நெட்டை. தன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் வாசல் நிலையில் நெற்றி இடிக்கும். பிறந்து வளர்ந்த வீடுதான். ஆனாலும் ஒவ்வொரு தரமும் "அட, இங்க ஒண்ணு இருக்குதே!" என்று ஆச்சரியப்படுவார். அவர் பெண்சாதி செம்மாயி தினமும் பொழுது சாய்ந்ததும் அந்த வீக்கத்துக்கு விளக்கெண்ணெய் வைத்துவிடுவாள்.

அந்த நாட்டு அரசர் அப்போது படிவரி வாங்கிக்கொண்டிருந்தார். விளைச்சல் குறைந்தவனுக்கு வரியே கிடையாது. கொஞ்சம் கூட விளைந்தவன் பத்து மூட்டைக்கு ஒரு மூட்டை கொடுக்கவேண்டும். நிறைய விளைந்தவனோ பத்துக்கு மூன்று. விவரமான ஏற்பாடுதான். ஆனால் அதை ஊருக்குச் சொல்ல வந்த வரியதிகாரிக்கு வெயில் பொறுக்கவில்லை. குதிரையை விட்டு இறங்காமலே, "படி ஏற ஏற வரி ஏறும், தெரிஞ்சுதா?" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் மட்டிப்பாளையத்தில் ஒரு வீட்டுக்கும் வாசற்படி இல்லை. கொத்தனார் ராக்கியப்பன் கடப்பாரையோடு வீடு வீடாகப் போய் எல்லாப் படியையும் இடித்துத் தள்ளிவிட்டார்.

அந்த ஊர் வீடுகள் எல்லாம் நெஞ்சளவு மேடைமேல் கட்டினவை. படி போனபின் உள்ளே போவது எப்படி? இரண்டு நாள் ஊரே வாசலில் நின்று தன் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாச்சப்பன் ஒருத்தர்தான் காலைத் தூக்கி வைத்து நேராக உள்ளே போனார், நிலையில் இடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் வழி தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து காலையில் எல்லாரையும் வீட்டிலிருந்து இறக்கிவிடுவதும் சாயங்காலம் திரும்ப ஏற்றிவிடுவதும் நாச்சப்பன் வேலையானது. கைக்குழந்தையிலிருந்து கறவை மாடு வரை அவர்தான் தூக்கிவிடுவார். ஊரில் அவருக்கு ஏக மரியாதை.

இவ்வளவு செய்தும் அடுத்த அறுப்புக்கு வரி ஒரு மூட்டைகூடக் குறையவில்லை. அதில் ரொம்ப வயிறெரிந்தவர் ஊர்த் தலைவர் பொங்கியண்ணன். அவருக்கு நூறு மூட்டை விளையும், முப்பது போய்விடும். ஒருநாள் சந்தைக்குப் போன மனுஷன் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். வேப்பமரத்தடியில் ஊரைக் கூட்டினார்.

"பக்கத்து நாட்டுல படிவரி இல்லையாமா! எல்லாத்துக்கும் ஒரே வரியாமா! நூறு மூட்டைக்காரனும் பத்துக்கு ஒண்ணு, அஞ்சு மூட்டைக்காரனும் பத்துக்கு ஒண்ணு. பெரியவன் சின்னவன் கிடையாது, அல்லாரும் ஒரே மட்டம்!"

"அப்ப உங்களுக்கு எத்தனைங்கண்ணா?" என்றார் நாச்சப்பன்.

"முப்பது போற எடத்துல பத்து."

"நம்ம ராக்கியப்பனுக்கு?"

ராக்கியப்பனுக்கு ஐந்து மூட்டைதான் விளையும். அதுவரை வரியே கிடையாது. பொங்கியண்ணன் விரல் மடக்கிப் பார்த்துவிட்டு, "அரை மூட்டை" என்றார்.

ராக்கியப்பன் ஊரிலேயே குட்டையான ஆள். எழுந்து நின்றாலும் உட்கார்ந்திருப்பதாக நினைத்து "எந்திரிச்சுப் பேசு" என்பார்கள். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இத்தனை வருசமா என்னைய ஒரு ஆளா மதிச்சு ஆருமே வரி கேட்டதில்லீங்க. இனி நானும் நீங்களும் ஒரே மட்டமுங்களாண்ணா?" என்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பக்கத்தில் இருந்தவர்களும் அழுதார்கள். எதற்கென்று கேட்க நேரமில்லை.

அரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவதென்று முடிவாயிற்று.

"என்னன்னு எழுதறது?" என்றார் ராக்கியப்பன்.

"ஒரே வரி போதும்னு எழுது" என்றார் பொங்கியண்ணன்.

ராக்கியப்பன் ஓலையை எடுத்தார். ஒரே வரிதான் போதும் என்று தலைவர் சொன்னபின் இரண்டாவது வரிக்குப் போகலாமா? அந்த ஒரு வரியும் பிசகாமல் இருக்கவேண்டும். அதனால் கொத்தனார் நூலைப் பிடித்து, ஓலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்துக் கொடுத்தார். ஊர் முழுக்க அதைத் தடவிப் பார்த்து, நல்ல வரி என்று ஒப்புக்கொண்டது.

அரண்மனையில் அரசர் அந்த ஓலையைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். அப்படியும் கோடுதான். கொண்டுபோன பொங்கியண்ணனைக் கேட்டு விஷயம் தெரிந்துகொண்டு, சிரித்து ஓய்ந்தபின் உத்தரவு எழுதிக் கொடுத்தார்: 'மட்டிப்பாளையத்துக்கு இனிப் படி கிடையாது. பெரியவர் சிறியவர் எல்லாரும் ஒரே மட்டம். பத்துக்கு ஒன்று. எட்டாம் நாள் காலை அதிகாரி நேரில் வருவார். மட்டத்துக்கு மிஞ்சி ஒரே ஒருவர் நின்றாலும் பழைய வரியே திரும்பும்.'

உத்தரவைப் படித்ததும் ஊர் ஆடிப்பாடியது. ராக்கியப்பன் மட்டும் தலையைச் சொறிந்தார். "மட்டம்னா சும்மா இல்லைங்கண்ணா. எந்தொழிலே அதுதானே. ரசமட்டம் வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்று தன் ரசமட்டத்தை எடுத்து வந்தார். உங்களுக்குத் தெரிந்ததுதான். கொத்தனார்கள் சுவர்மேல் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி இருக்கும். குமிழி நடுவில் நின்றால் மட்டம் சரி.

வீட்டுக்கு ஒரு ஆளாக நாற்பது பேரை வரிசையாக நிறுத்தினார்கள். தலைகளின்மேல் நீளமாக ஒரு மூங்கிலைப் படுக்க வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வைத்தார்கள். குமிழி ஒரே ஓட்டமாக நாச்சப்பன் பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் பக்கம் மூங்கிலுக்கும் தலைக்கும் நடுவே சாண், முழம் என்று வெளிச்சம் தெரிந்தது. ராக்கியப்பன் எம்பிக் குதித்தும் மூங்கில் எட்டவில்லை.

"போச்சு!" என்றார் பொங்கியண்ணன். "மட்டத்துக்கு மிஞ்சி ஒரே ஒருத்தன் நிக்கறான்!"

எல்லாரும் நாச்சப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையைக் கூப்பினார். "நான் வேணும்னு வளரலீங்கண்ணா" என்றார்.

"வேணும்னு வளந்தயோ வேண்டாம்னு வளந்தயோ, வெட்டித்தான் ஆகோணும்" என்றார் பொங்கியண்ணன், வருத்தத்தோடு. அவர் இரக்கமில்லாதவர் இல்லை. சொல்லும்போது நாச்சப்பன் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

எந்தப் பக்கம் வெட்டுவது என்று வேப்பமரத்தடியில் அரை நாள் யோசனை நடந்தது.

"காலை வெட்டினாப் போதும். முழங்காலுக்குக் கீழ அவ்வளவும் வீண்" என்றார் ராக்கியப்பன்.

"காலை வெட்டினா எப்படி நடப்பான்? நம்மளையெல்லாம் ஆரு தூக்கி உடறது? தலையை வெட்டினா நடக்கறதுக்கு ஒரு தொந்தரவும் இல்லை" என்றார் பொங்கியண்ணன்.

"அதும் நாயந்தானுங்க. தலையில அவருக்கு வேலையும் இல்லை. நிலையில இடிக்கத்தானே வெச்சிருக்கறாரு."

"வெட்டிப்போட்டா இடிக்கவும் இடிக்காது. அவனுக்கும் நல்லதுதான்."

செம்மாயி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "ஏனுங், நாயம் பேசறீங்களே, தலை போச்சுன்னா நான் இவருக்குச் சோறு எதுலங்க ஊட்டறது?"

கூட்டம் யோசித்தது. கடைசியில் பொங்கியண்ணன், "அது உங்க குடும்ப விசயம் அம்மிணி. ஊர்க்கூட்டத்துல பேசப்படாது" என்று சொல்லிவிட்டு, "தலையை வெட்டலாம்கறவங்க கையைத் தூக்குங்க" என்றார்.

எல்லாரும் தூக்கினார்கள். அந்த நேரம் பார்த்து நாச்சப்பனுக்கு நெற்றி வீக்கம் அரித்தது. சொறியக் கையைத் தூக்கினார். ஊரிலேயே உயரமான கை அது.

"ஏகமனதா முடிவாச்சு!" என்றார் பொங்கியண்ணன். "நாச்சப்பனும் ஒத்துக்கிட்டான். என்ன பெருந்தன்மை!"

செம்மாயி விடவில்லை. "ஆளைக் குறைக்காதீங்க, நெலத்தைக் குறைங்க! ஒரு குழி வெட்டி அதுக்குள்ள நிக்கச் சொல்லுங்க" என்றாள். நல்ல யோசனைதான், இல்லையென்று சொல்லமுடியாது. மூன்று நாள் ஊரே குழி வெட்டியது. எவ்வளவு ஆழம் என்ற கேள்வி வந்தபோது, "யாருக்குக் குழியோ அவரு உயரந்தான்" என்று ராக்கியப்பன் தீர்த்துவைத்தார். நாச்சப்பன் உயரத்துக்கு வெட்டி முடித்தார்கள். நாச்சப்பன் உள்ளே குதித்தார். ஆளே காணோம்.

"மட்டத்துக்கு மேல ஆருமே இல்லை!" என்று ஊர் கை தட்டியது.

ராக்கியப்பன் தலைகளை எண்ணிப் பார்த்தார். "நாப்பது பேரு நிக்கோணும், முப்பத்தொம்பதுதான் இருக்குது. ஒருத்தன் ஓடிப்போயிட்டான்னு அதிகாரி கேஸ் போட்டுட்டா?"

அதுவும் சரிதான் என்று நாச்சப்பனை வெளியே எடுக்கப் பார்த்தார்கள். அங்கேதான் சிக்கல். அந்த ஊரில் ஆட்களைத் தூக்கிவிடுகிறவர் நாச்சப்பன் ஒருத்தர்தானே? பொங்கியண்ணன் குழிக்குள் எட்டிப் பார்த்து, "நாச்சப்பா, நீ வெளிய வந்து உன்னையத் தூக்கி உட்டுட்டு அப்பறமா உள்ள போயிரு" என்றார். நாச்சப்பன் தன் இரண்டு அக்குளிலும் தானே கையைக் கொடுத்து மூக்கு சிவக்கிற வரைக்கும் தூக்கிப் பார்த்தார். தன் கனம் தனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது என்றார்.

ஒரு நாள் முழுக்க அவர் குழியிலேயே கிடந்தார். மறுநாள் செம்மாயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாசமாப் போற குழி! நானே சொன்னேன், நானே மூடறேன்!" என்று மண்வெட்டியால் மண்ணை உள்ளே தள்ள ஆரம்பித்தாள். தலைமேல் மண் விழ விழ நாச்சப்பன் உதறிவிட்டு அதன்மேல் ஏறி நின்றார். இன்னும் மண் விழுந்தது, இன்னும் ஏறினார். உச்சிப்பொழுதுக்குள் குழி மூடிவிட்டது, நாச்சப்பன் தரைமேல் நின்றார்.

ஊர் வாயைப் பிளந்தது. "நட்டு வெச்சா மொளைக்கிற ஆளா இருக்குதே!" என்றார் பொங்கியண்ணன். ராக்கியப்பன் மூங்கிலை வைத்து அளந்து பார்த்து, "அதே உயரந்தானுங்க. எருப் போடாததனால தப்பிச்சோம்" என்றார்.

ஏழு நாள் போய்விட்டது. எட்டாம் நாள் விடிந்ததும் ராக்கியப்பன் ரம்பத்தைத் தீட்டிக்கொண்டு வந்தார். வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை. நாச்சப்பன் வேப்பமரத்தடியில் போய் நின்றார். செம்மாயி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். அவர் குனிந்தார், வீக்கத்தைத் தடவி எண்ணெய் வைத்தாள். "இந்த மண்டைக்கு எத்தனை கிண்ணம் எண்ணெய் ஊத்தியிருப்பேன்! இனிமே நான் பொழுதோட எங்க போயி, ஆரு தலையில வெப்பேன்?" என்று சொல்லி ஓவென்று அழுதாள். நாச்சப்பனுக்கும் அழுகை வந்துவிட்டது. செத்துப்போவதைப் பற்றி அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் செம்மாயியின் கை தலைமேல் படாது என்பது மட்டும் தெரிந்தது.

"அழாத அம்மிணி. தலை உங்கிட்டவே இருக்கட்டும். தெனமும் வெச்சு உடு" என்றார்.

ராக்கியப்பன் ரம்பத்தோடு கிட்டே வந்தார். கையை நீட்டினார், எம்பினார். நாச்சப்பன் இடுப்புக்கு மேலே எட்டவில்லை. "ஒரு பெட்டியைப் போடுங்க" என்றார். பெட்டி போட்டார்கள். போதவில்லை. அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேலே உரலைக் கவிழ்த்துப் போட்டார்கள். ராக்கியப்பன் தட்டுத்தடுமாறி ஏறி நின்று, கழுத்தில் ரம்பத்தை வைத்தார்.

இரண்டு பேர் முகமும் நேருக்கு நேர் இருந்தன. பிறந்ததிலிருந்து நாச்சப்பன் ராக்கியப்பனின் உச்சந்தலையைத்தான் பார்த்திருக்கிறார்.

"மச்சான்! உனக்கு மூக்கு மேல மச்சம் இருக்குதா!"

"ஆமாங்க மச்சான். அட, உங்களுக்கு மீசை இருக்குதே! நான் உங்க மூக்கு ஓட்டை ரெண்டத்தான பாத்திருக்கறேன்!"

நாச்சப்பன் கண்ணை மூடித் திறந்தார். ராக்கியப்பன் முகம் அங்கேயேதான் இருந்தது. "மச்சான், இப்ப நீயும் நானும் ஒரே மட்டம்" என்றார் மெதுவாக.

ரம்பம் கீழே விழுந்தது. ரசமட்டத்தைக் கொண்டு வந்து இரண்டு தலைக்கும் நடுவே வைத்தார்கள். குமிழி நட்டநடுவில் நின்றது. அசையவே இல்லை. செம்மாயி எண்ணெய்க் கிண்ணத்தைப் போட்டுவிட்டு நாச்சப்பன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

அப்புறம் கேட்கவேண்டுமா? ஊரே பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஆளாளுக்கு எத்தனை குறைகிறதோ அத்தனை உயரத்துக்கு ஒரு மரப்படி தட்டினார்கள். பொங்கியண்ணனுக்கு இரண்டு படி. ராக்கியப்பனுக்கு ஆறு. நாச்சப்பனுக்கு வெறும் தரை. தீட்டின ரம்பம் வீணாகக்கூடாது என்று, ராக்கியப்பன் தன் பங்கு அரை மூட்டையை அளவு தப்பாமல் கொடுப்பதற்காக ஒரு நெல் மூட்டையை நடுவில் வைத்து அறுத்தார். நெல் எல்லாம் தெருவில் கொட்டியது, கோழிகள் பார்த்துக்கொண்டன. இரண்டு அரைச்சாக்கும் துல்லியமாக ஒரே அளவு இருந்தன.

அதிகாரி குதிரையில் வந்து சேர்ந்தபோது நாற்பது பேரும் தெருவில் வரிசையாக நின்றார்கள். முப்பத்தொன்பது பேர் படிமேல், ஒருத்தர் தரையில். தலைகள்மேல் மூங்கில், மூங்கில்மேல் ரசமட்டம், குமிழி நடுவில். யாரும் மூச்சு விடவில்லை.

"என்னய்யா இது?" என்றார் அதிகாரி.

"ஒரே மட்டமுங்க எசமான்! வேணும்னா குமிழியைப் பாத்துக்குங்க" என்றார் பொங்கியண்ணன், தலை அசையாமல்.

"மட்டமும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம். பத்துக்கு ஒரு மூட்டை கொண்டாந்து வண்டியில் ஏத்துங்க. எனக்கு வெயில் தாங்கலை."

"படியை விட்டு எறங்கினா மட்டம் போயிருமுங்களே எசமான்? அப்பறம் பழைய வரி வந்துருமே?"

"அப்ப மூட்டையை யார் எடுக்கறது?"

வரிசை யோசித்தது. தலை போக இருந்து தப்பித்ததிலிருந்து நாச்சப்பனுக்கு அந்தத் தலையின்மேல் ஒரு நம்பிக்கை வந்திருந்தது. "படியைக் காலுக்குக் கீழ வெக்கறதுக்குப் பதிலா தலைக்கு மேல வெச்சுக்கிட்டா?" என்றார்.

முப்பத்தொன்பது பேரும் இறங்கி, அவரவர் படியைத் தூக்கி அவரவர் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். படிகளின்மேல் மூங்கிலை வைத்துப் பார்த்தால் என்ன ஆச்சரியம், குமிழி அதே நடுவில்! அதிகாரியே குதிரையை விட்டு இறங்கி வந்து பார்த்தார்.

"சரி, இப்போ நடக்கலாமில்லே? மூட்டையைத் தூக்கி வாங்க."

"எதுலங்க தூக்கறது?" என்றார் பொங்கியண்ணன். "தலையில படி இருக்குது. ரெண்டு கையும் படியைப் புடிச்சிருக்குது."

"அதோ அவன் தலை சும்மாதானே இருக்கு? அவன் தூக்கட்டும்."

நாச்சப்பன் ஓடிப்போய் ஒரு மூட்டையைத் தலைமேல் தூக்கினார். முப்பத்தொன்பது பேரும் ஒரே குரலில் அலறினார்கள். "மட்டத்துக்கு மிஞ்சிப்போச்சு! எறக்கு! எறக்கு!" செம்மாயி ஓடிவந்து மூட்டையைப் பிடித்துத் தள்ளி, மறுபடியும் தலைக்கு வந்துவிடப் போகிறதென்று ரம்பத்தைக் கிணற்றில் போட்டாள்.

அதிகாரி காலி வண்டியோடு அரண்மனைக்குத் திரும்பினார். 'மட்டிப்பாளையத்தில் எல்லாரும் ஒரே மட்டமாக இருக்கிறார்கள். பெரியவர், சிறியவர் ஒரே அளவு செலுத்துகிறார்கள். அளவு: ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வேறு வேலை கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று தலையில் ஏறின படி இன்றுவரைக்கும் இறங்கவில்லை. உழுவதும் படியோடு, சந்தைக்குப் போவதும் படியோடு. பொழுது சாய்ந்ததும் நாச்சப்பன் வீடு வீடாகப் போய் ஒவ்வொருத்தரையும் படியோடு சேர்த்துத் தூக்கி, நெஞ்சளவு மேடைமேல் ஏற்றிவிட்டு, கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்து நிலையில் இடித்துக்கொள்கிறார். செம்மாயி எண்ணெயோடு காத்திருக்கிறாள்.

போன மாசம் அந்த வழியாகப் போன வளையல்காரர் ஒருத்தர் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுப் பொறுக்கமாட்டாமல், "ஏங்க, தலையில வெச்சிருக்கிற படியை இறக்கி வாசலுக்கு முன்னால போட்டா, நீங்களே ஏறி வீட்டுக்குள்ள போயிரலாமே?" என்று ராக்கியப்பனைக் கேட்டாராம்.

ஆறு படியைத் தலையில் சுமந்துகொண்டு, நாச்சப்பனின் இரண்டு கைக்கும் நடுவே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த ராக்கியப்பன், அவரைப் பாவமாகப் பார்த்தார்.

"அசலூருங்களா? அதான் வெவரம் தெரியலை. படி ஏறினா வரி ஏறுமுங்க!"